முன்பணம்: சிறகா, விலங்கா?

“வாணிபம் அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது, நமக்கெல்லாம் வராது!”

விழுப்புரம் கடைவீதியில் கால்மணி நேரம் நின்றால் போதும். இந்தப் பேச்சு காதில் விழாமற் போகாது. ஓங்கி நிற்கும் கடை ஒன்றைக் காட்டி ஒருவர் சொல்லுவார். பக்கத்தில் நிற்பவர் தலையசைப்பார். அதே மூச்சில் இன்னொரு தீர்ப்பும் வரும்: “இவர்களுக்குக் கோடி கொடுத்தாலும் காலையில் வாங்கி மாலையில் கரைத்துவிடுவார்கள்.” முன்னது புகழ்ச்சி, பின்னது இகழ்ச்சி. இரண்டுக்கும் தாய் ஒன்றே. தொழில் தொடங்கும் துணிவும் பொருளீட்டும் திறமும் பிறப்போடு வருபவை என்னும் எண்ணமே அந்தத் தாய்.

இது வெறும் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, தோழர்களே! யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்குக் கடையை வாடகைக்கு விடுவது, யார் பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தப் பேச்சுத்தான். ஆகவே இதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். முனைவு என்பது மனிதனின் இரத்தத்தில் இருக்கிறதா? அவன் நிற்கும் சமுதாயத்தின் ஏற்பாட்டில் இருக்கிறதா? ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்றால், முன்னேறாதவனைச் சோம்பேறி என்று ஏசும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நெல் விளையும். நெல் விளையும் இடத்தில் அரிசி ஆலைகள் இருக்கும். இந்த மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டும் காடுகளிலும் உழன்று வந்தவர்கள் இருளர் பழங்குடி மக்கள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த முறையைக் கேளுங்கள். வீட்டில் ஒரு திருமணம், அல்லது ஒரு நோய், அல்லது ஒரு சாவு. கையில் காசில்லை. குடும்பத் தலைவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். அதை அடைக்கும்வரை மனைவி மக்களோடு ஆலைக்குள்ளேயே குடியிருந்து உழைக்க வேண்டும். நெல்லை ஊறவைப்பது, அவிப்பது, களத்தில் கொட்டித் துழாவி உலர்த்துவது எல்லாம் இரவென்றும் பகலென்றும் பாராத வேலை. கூலி எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் முதலாளியின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டைப் படிக்க இவருக்கு எழுத்துத் தெரியாது. ஆண்டுகள் கழியும், கடன் கழியாது.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும், ஆலைக்குள் அதிகாரிகள் நுழைந்து குடும்பம் குடும்பமாக மீட்டு விடுதலைச் சான்று கொடுத்த செய்திகள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் ஏடுகளில் வந்துகொண்டேயிருந்தன. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று அமைத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990களிலிருந்து நடத்திய போராட்டங்களின் வரலாறு, சட்டத்துக்கும் ஆலை வாசலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதைக் காட்டும் வரலாறு.

அதே வட்டாரத்தில் இன்னொரு தெருவுக்கு வாருங்கள். அங்கேயும் ஓர் இளைஞன் முன்பணம் வாங்குகிறான். தாய்மாமன் கடையில் நாலைந்து ஆண்டு தராசு பிடித்தவன். எந்தச் சரக்கு எந்த மாதத்தில் விலை ஏறும், எந்த வாடிக்கைக்காரர் சொன்ன நாளில் பணம் தருவார் என்பதையெல்லாம் பள்ளிக்குப் போகாமலே படித்தவன். “தனியாகப் போட்டுப் பார்” என்று மாமன் பணம் தருகிறார். “அவர் மருமகனா? சரக்கை எடுத்துப் போ, விற்றுவிட்டுக் கொடு” என்கிறார் மொத்த வணிகர். முதல் கடை முழுகுகிறது. உறவினர் கூடுகிறார்கள், இடம் சரியில்லை என்கிறார்கள், வேறிடத்தில் கடை வைக்கிறார்கள். இரண்டாவதும் தடுமாறுகிறது. மூன்றாவது நிலைக்கிறது. பத்தாண்டு கழித்து ஊர் சொல்லுகிறது: “வாணிபம் அவன் இரத்தத்தில் ஊறியது!”

இரண்டும் முன்பணந்தான். வாங்கியவர் இருவரும் உழைப்பாளிகள்தாம். இன்னும் சொல்லப்போனால், உடல் நோக உழைத்தவர் ஆலையிலே இருந்தவர். ஆனால் ஒருவருக்கு அந்தப் பணம் சிறகாயிற்று, மற்றவருக்கு விலங்காயிற்று. வேற்றுமை எங்கே இருக்கிறது? பணத்திலா? இல்லை. வாங்கிய கையிலா? அதுவும் இல்லை. வாங்கியவர் கீழே விழுந்தால் தாங்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதிலே இருக்கிறது! வணிகர் வீட்டுப் பிள்ளை மூன்று முறை தோற்கலாம். இருளர் ஒரு முறை கூடத் தோற்கக் கூடாது. தோற்றால் தலைமுறை அடிமை. ‘முதல்’ என்று நாம் சொல்லுவது பணத்தை மட்டுமன்று. தோற்ற பிறகும் எழுந்து நிற்க விடும் சுற்றத்தையும் சேர்த்தே. தோற்கும் உரிமைதான் முதலுக்கெல்லாம் முதல்.

“அப்படியானால், இருளருக்கு வாய்ப்புக் கொடுத்தால் மட்டும் முன்னுக்கு வந்துவிடுவார்களோ?” என்று கேட்பவர்கள், திண்டிவனத்திலிருந்து வடக்கே, மாமல்லபுரத்துக்கு அப்பால் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலிக்குப் போய்வர வேண்டும். ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரும் தொலைவுதான்.

பாம்பு பிடிப்பது இருளரின் பழந்தொழில். ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோல் வணிகரிடம் சில காசுக்கு விற்றார்கள். ஆதாயமெல்லாம் வணிகருக்கே போயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் அந்தப் பிழைப்பை அடைத்தன. கலை தெரியும், காடு தெரியும், கஞ்சிக்கு வழியில்லை! அப்போது, 1978ஆம் ஆண்டில், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். பானைகளில் சில வாரம் வைத்து நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு பாம்பை உயிரோடு காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்பட்டு வந்த நஞ்சில் மிகப் பெரும்பங்கு இந்தச் சங்கம் தந்தது. இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எண்ணிப் பாருங்கள்! ஆலைக்குள் அடைபட்ட இருளரும் வடநெம்மேலி இருளரும் ஒரே குடி, ஒரே இரத்தம். ஒரு பக்கம், நோட்டைப் படிக்கத் தெரியாத கடனாளி. மறுபக்கம், மருந்து நிறுவனங்கள் தேடி வரும் சங்கத்தின் பங்காளி. இரத்தம் மாறவில்லை, ஏற்பாடு மாறிற்று. அவருக்குத் தெரிந்த கலைக்கு விலை கிடைத்தது. அந்த விலை இடைத்தரகர் பைக்குள் போகாமல் உறுப்பினர் கைக்கு வந்தது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

உலகம் என்ன சொல்லுகிறது? செர்மானிய அறிஞர் மாக்சு வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதிய புகழ் பெற்ற ஆய்வில், சீர்திருத்தக் கிறித்துவத்தின் ஒழுக்கமே ஐரோப்பிய முதலாளித்துவத்தின் மனப்பாங்கை வளர்த்தது என்று வாதிட்டார். இந்தியாவைப் பற்றி எழுதியபோது, சாதிக் கட்டும் சடங்கு நெறியும் அத்தகைய மனப்பாங்குக்குத் தடை என்றார். சாதிக்கட்டு தடை என்பதில் உண்மை உண்டு. ஆனால் அதை இந்த மண்ணின் மாறாத இயல்பு என்று எடுத்துக்கொண்டால், அதுவும் இரத்தப் பேச்சின் படித்த வடிவமே ஆகும். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் டேவிட் மெக்லெலண்டு ஆந்திரத்துக் காக்கிநாடா நகரின் சிறு வணிகர்களைத் தேர்ந்து, ஐதராபாத்தில் குறுகிய காலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மிகுதியாகப் புதுத் தொழில்களில் இறங்கினார்கள். பழைய நம்பிக்கைகளைக் கைக்கொண்டிருப்பது அவர்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை என்றும் அவர் கண்டார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அவர்கள் ஏற்கெனவே வணிகர்கள். ஊக்கம் ஊட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு கடை இருந்தது!

சப்பானைப் பாருங்கள். பழைய சப்பானிலும் நால்வகைப் பாகுபாடு உண்டு. போர்வீரர் மேலே, பிறகு உழவர், பிறகு கைவினைஞர், வணிகர் கடைசி. காசைத் தொடுவது இழிவு என்று எண்ணிய போர்வீரர்கள் இருந்தார்கள். 1868ஆம் ஆண்டு மெய்சி மாற்றம் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் அந்தத் தளைகளைச் சட்டம் அறுத்தது. உழவர் குடியில் பிறந்த சிபுசாவா எய்ச்சி, அரசுப் பதவியை விட்டு விலகி 1873இல் வங்கி அமைத்தார். வாழ்நாளில் ஏறத்தாழ 500 நிறுவனங்களின் தோற்றத்தில் பங்கு கொண்டார். 2024ஆம் ஆண்டில் சப்பான் வெளியிட்ட பத்தாயிரம் யென் தாளில் இருப்பது அவர் முகம். கடைசிப் படியில் நிறுத்தப்பட்டிருந்த தொழில், நாட்டின் மிக உயர்ந்த பணத்தாளில் ஏறிற்று. சப்பானியர் இரத்தமா மாறிவிட்டது? படிக்கட்டு மாற்றப்பட்டது!

நம் நாட்டிலேயே சான்று உண்டு. தென்பாண்டிச் சீமையில் கோயிலுக்குள் நுழையவும் தடுக்கப்பட்டிருந்த நாடார் சமூகம், 1899ஆம் ஆண்டு சிவகாசிக் கொள்ளையைத் தாங்கிய சமூகம், எப்படி எழுந்தது? பேட்டைகளில் கூடி வணிகம் செய்தார்கள். விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று ‘மகமை’ ஒதுக்கினார்கள். அந்தப் பொதுப்பணத்தில் பள்ளிகள் எழுந்தன. 1921ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றிற்று. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் பெற்றது. 1922ஆம் ஆண்டில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுச் சிவகாசிக்குக் கொண்டு வந்தார்கள். அந்தப் பயணத்துக்குத் துணிவு வேண்டும், ஐயமில்லை. ஆனால் திரும்பி வந்தால் நிற்பதற்கு ஒரு சமூகம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மகமை தன் மக்களுக்கு நிழல் தந்தது. ஆனால் சாதியளவில் நின்ற நிழல் அது. வேலிக்கு வெளியே இருந்தவருக்கு அந்த நிழல் விழவில்லை. அதே சிவகாசியின் தீப்பெட்டிப் பட்டறைகளில் பின்னாளில் சிறுவர் சிறுமியர் விரல் தேய உழைத்ததும் வரலாறே. அடைத்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர், பின்னால் வருபவருக்காகக் கதவைத் திறந்து வைக்க வேண்டாமா?

வேலியைத் தாண்டிய முயற்சியும் நம்மிடம் உண்டு. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் அரசு ஆதரவோடு தொடங்கிய மகளிர் தன்னுதவிக் குழுக்கள் பிற மாவட்டங்களுக்கும் பரவின. சொத்து இல்லாத பெண்களுக்கு ஒருவருக்கொருவர் பிணை. அஃது ஒரு புது மகமை. ஆனால் அங்கேயும் எச்சரிக்கை தேவை. சிறுகடன் நிறுவனங்களின் வசூல்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் கொடுமை பெருகிப் பெருகி, கட்டாய வசூலைத் தடுக்க 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சிறகாக வந்த கடன் விலங்காக மாற அதிக நாள் ஆவதில்லை.

இனி வாங்குகிறவரைப் பற்றி ஒரு சொல். கடை வைக்கும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கடையில் வாங்க மக்கள் வர வேண்டும். 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இதே விழுப்புரத்தில், கடைவீதியில் எழுந்த பூசல் சாதிக் கலவரமாக வெடித்தது. பெரிய காலனியைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். சந்தை என்பது எல்லாருக்கும் பொதுவான இடம் என்று பொருளியல் ஏடு சொல்லும். பெரிய காலனி அப்படிச் சொல்லாது. அது பழங்கதை என்பீர்களா? 2018ஆம் ஆண்டில் அவிநாசிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியார் மறித்த செய்தியை நாடே படித்தது. விலையின்றிப் பிள்ளைகளுக்கு இடும் சோற்றிலேயே சாதி பார்ப்பவர், விலைக்கு விற்கும் உணவுக்கடைக்கு வருவாரா? அந்தக் கடை படுத்தால், “அவருக்கு வாணிபம் தெரியவில்லை” என்று தீர்ப்பு எழுதுவது எந்த அறம்?

இந்தத் தீர்ப்பைச் சட்டமாகவே ஆக்க முயன்ற காலமும் உண்டு. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம், ஒரு வேளை பள்ளி, மறு வேளை பெற்றோர் தொழில் என்றது. மக்கள் அதைக் குலக்கல்வி என்றே அழைத்தார்கள், எதிர்த்தார்கள், 1954இல் அது கைவிடப்பட்டது. தச்சர் மகன் தச்சர் என்று விதித்துவிட்ட பின் அங்கே முனைவு ஏது? முனைவு என்பதே, தந்தை நின்ற இடத்திலிருந்து மகளோ மகனோ ஓரடி விலகி வைப்பதுதானே!

“ஒன்றுமில்லாமல் பிறந்து கோபுரமாய் உயர்ந்தவர்கள் இல்லையா?” என்று கேட்கலாம். இருக்கிறார்கள், போற்றுவோம். உழைப்பையும் அறிவையும் நாம் சிறுமைப்படுத்தவில்லை. எல்லாம் சூழ்நிலையே என்று சொல்லி மனிதனைக் கைகட்டி உட்காரச் சொல்லவும் இல்லை. வெள்ளத்தில் நூறு பேரைத் தள்ளிவிட்டு, நீந்திக் கரையேறிய ஒருவரைக் காட்டி, “பார், நீந்தத் தெரிந்தவர் பிழைத்தார்” என்று முழங்குவது அறமா என்றே கேட்கிறோம். தள்ளிய கை யாருடையது என்று கேட்க வேண்டாமா?

தோற்கும் உரிமை என்றோமே, அது கனவு அன்று. சிலருக்குச் சட்டமே அதை வழங்கியிருக்கிறது. வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம் முழுகினால், பங்குதாரர் போட்ட பணத்தோடு இழப்பு நின்றுவிடும். அவர் வீட்டுப் பாத்திரத்தை யாரும் தூக்கிச் செல்ல முடியாது. கடனில் விழுந்த நிறுவனங்களுக்கு வழி செய்ய 2016ஆம் ஆண்டில் நொடிப்புச் சட்டத் தொகுப்பும் வந்தது. அதே 2016இல் திருத்தப்பட்ட கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டம், மீட்கப்பட்ட ஆணுக்கு 1 இலட்சம் ரூபாய் என்றது. ஆனால் முழுத் தொகையை, அடிமைப்படுத்தியவர் வழக்கில் தண்டனை பெறுவதோடு பிணைத்தது. நிறுவனம் தோற்றால் சட்டம் தாங்கும். அடிமை மீண்டால் நீதிமன்றம் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளில் அடுப்பு எரிய வேண்டாமா? அடுத்த ஆலையின் முன்பணம் அழைக்காதா?

இந்த வட்டாரத்து உழவருக்கு நாம் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தென்னமெரிக்காவில் தோன்றிய நிலக்கடலை கடல் கடந்து இங்கே வந்தது. ‘மணிலாக்கொட்டை’ என்று பெயர் பெற்று, தென்னார்க்காட்டு நாவில் ‘மல்லாட்டை’ ஆயிற்று. இந்த மண்ணில் ஊறிய பயிரா என்று யாரும் கேட்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்கு மல்லாட்டை கப்பலேறிற்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த ‘டி.எம்.வி.’ வகை விதைகள் ஆந்திரம், கருநாடகம் என்று பரவி விளைந்தன. ஒரு நிலத்தில் விதை முளைக்கவில்லை என்றால் உழவர் என்ன செய்கிறார்? மண்ணைப் பார்க்கிறார், நீரைப் பார்க்கிறார், பருவத்தைப் பார்க்கிறார். “இந்த விதையின் குலம் சரியில்லை” என்று ஏசுவதில்லை. மல்லாட்டைக்குக் காட்டும் நீதியை மனிதனுக்குக் காட்டக் கூடாதா?

செய்ய வேண்டியவை என்ன? விடுதலைச் சான்றோடு வீட்டுமனைப் பட்டாவும் பழங்குடிச் சான்றிதழும் அன்றே கையில் வர வேண்டும். இவை இல்லாதவருக்கு வங்கியின் கதவு சுவராகவே இருக்கும். 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் தொழில் தொடங்க முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் என்றது. நல்ல திட்டம். ஆனால் சான்றிதழே இல்லாத குடும்பத்துக்கு அது ஏட்டுச் சுரைக்காய். வடநெம்மேலியைப் போன்ற கூட்டுறவுகள் அரிசிக்கும் செங்கலுக்கும் மூலிகைக்கும் வர வேண்டும். அவற்றில் முதல் ஆண்டு இழப்பு வந்தால், “சொன்னோமே” என்று கைகொட்டாமல், மாமன் மருமகனுக்குச் சொன்னதை அரசும் சமுதாயமும் சொல்ல வேண்டும்: “இடம் சரியில்லை, இன்னொரு முறை பார்!”

2024ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில், சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடங்கள் எழட்டும், மகிழ்வோம். ஆனால் நாட்டின் வளத்தை நாம் கட்டடத்தின் உயரத்தால் அளக்கப் போவதில்லை. அரிசி ஆலைக் களத்தில் பிறந்த ஒரு பெண், தன் பெயரில் ஒரு தொழில் தொடங்கி, அதில் ஒரு முறை தோற்று, யாருக்கும் அடிமையாகாமல், மறுமுறை கடன் கேட்டு அந்த நகரின் வங்கிக்குள் தலைநிமிர்ந்து நுழையும் நாள் எந்த நாள்? அந்த நாளால் அளப்போம்.

அந்த நாள் வரும்வரை, தோழர்களே, கடைவீதியில் “இரத்தத்தில் ஊறியது” என்று யாரேனும் சொன்னால், தலையசைக்காதீர்கள். “முதல் கடை முழுகியபோது தாங்கியவர் யார்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை அவருக்கே தெரியும்!